தையல் வகுப்புக்கு வந்தவங்க ஏன் நின்னுட்டாங்க? (கோத்தகிரி பக்கம்)

ஊசிமுனை | ஜூன் 8

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஊர். சமுதாயக் கூடத்துல ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் தையல் வகுப்பு நடத்துறேன். ஃபீஸ் கிடையாது, முடிஞ்சவங்க நூல் டப்பாவுல ஏதாவது போடுவாங்க. ஆறு மெஷின் இருக்கு. நாலு கால் மெஷின், ஒரு கை மெஷின், மோட்டார் வச்சது ஒண்ணு. எல்லாமே யார் வீட்டுப் பரண்லயோ தூங்கிட்டு இருந்ததுதான்.

ஜனவரியில 22 பேர் பேர் கொடுத்தாங்க. இப்ப ஒன்பது பேர். நேத்து வருகை நோட்டை எடுத்து வச்சுப் பார்த்தேன், மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறவங்க ஒருத்தர் விடாம நின்னுட்டாங்க. வயசான அம்மா ரெண்டு பேர் இல்ல. கால் முடியாத ஒரு தம்பி ரெண்டே வாரம்தான் வந்தார். மிச்சம் இருக்கிறது எல்லாம் மெயின் ரோட்டோரம் வீடு இருக்கிறவங்க. "எல்லாரும் வரலாம்"னு போர்டு எழுதித் தொங்கவிட்டது நான்தான்.

பாடம் வழக்கமானதுதான்: ஹெம்மிங், ஹூக், காஜா, பேப்பர் கட்டிங், ஜபலா, உள்பாவாடை, கடைசியில ஜாக்கெட். துணிக்குத் திருப்பூர்ல ஒரு தோழி மூணு மூட்டை கட்டிங் வேஸ்ட் அனுப்பினாங்க. ஒரு மூட்டை பூஞ்சணம் பிடிச்சு நாறுது.

எங்க தப்பு பண்றேன்? இந்தப் பக்கம் வகுப்பு நடத்துறவங்க, வகுப்புக்குப் போய் நின்னவங்க, ரெண்டு பேரும் சொல்லுங்க.

காஜாபட்டன் | ஜூன் 8

இருபது வருஷமா சொல்லிக் கொடுக்கிறேங்க, ஊட்டியில. உங்க பாட வரிசை சரிதான், மாத்தாதீங்க. பொண்ணுங்க நிக்கிறதுக்குக் காரணம் வீட்டுல விடமாட்டாங்க, இல்லன்னா பொறுமை கிடையாது. ஜாக்கெட் கைக்கு வந்துட்டா அப்புறம் யாரும் நிறுத்த முடியாது, காசு வர ஆரம்பிச்சிடும். அது வரைக்கும் ஓட்டிடணும்.

கூடலூர்_மழை | ஜூன் 8

காஜாபட்டன் அக்கா, ஜாக்கெட் வர்ற வரைக்கும்னா எத்தனை மாசம்? வாரம் ஒரு நாள் வகுப்புல அது ஒரு வருஷம் ஆகும்.

ஊசிமுனை, நான் லயன்ல, தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, பொறந்து வளர்ந்தவ. அப்பா வீட்டுக்காரங்க சிலோன்ல இருந்து வந்தவங்க, 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம். ஞாயித்துக்கிழமைன்னா எங்களுக்கு என்னன்னு தெரியுமா? ஆறு நாள் துணி துவைக்கணும், விறகு எடுக்கணும், சந்தைக்குப் போகணும், பிள்ளைக்குத் தலை பார்க்கணும். மதியம் ரெண்டு மணிக்குத்தான் சட்டி இறங்கும். அந்த நேரத்துக்கு உங்க வகுப்பு. அஞ்சு மணிக்கு விட்டா, மலை இருட்டுல, காட்டுமாடு நிக்கிற பாதையில நடந்து வரணும். பொறுமை இல்லன்னு சொல்லிடாதீங்க.

நாங்க இங்க என்ன செஞ்சோம்னு சொல்றேன். பாடம்னு ஒண்ணே வேண்டாம்னு விட்டுட்டோம். "வீட்டுல கிழிஞ்சது எது இருந்தாலும் கொண்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னோம். முதல் வாரம் வந்ததுல பாதிக்கு மேல படங்கு. கொழுந்து பறிக்கிறப்ப இடுப்புல சுத்திக்கிற தார்ப்பாய்த் துண்டு, செடி குத்தி முன்பக்கம் எப்பவும் நார் நாராத்தான் இருக்கும். அது கிழிஞ்சா பாவாடை நனையும், நனைஞ்ச பாவாடையோட எட்டு மணி நேரம் நிக்கணும். அதைத் தைக்கத் தெரிஞ்சா அன்னிக்கே பிரயோஜனம்.

படங்குக்கு 18 நம்பர் ஊசி போடுங்க, நைலான் நூல், தையல் நீளத்தைக் கூட்டி வைங்க. தையல் நெருக்கமா விழுந்தா தபால்தலை மாதிரி அந்தக் கோட்டுலயே கிழிஞ்சுடும். ஒட்டுத் துணியை உள்பக்கம் வைக்காம வெளிப்பக்கம் வைங்க, செடி முதல்ல ஒட்டுத் துணியைக் குத்தட்டும். இது எனக்கு ஒரு அக்கா சொன்னது. அவங்க அதுக்கு முன்னாடி மெஷின்ல கையே வச்சதில்ல.

காஜாபட்டன் | ஜூன் 9

சந்தோஷம். ஆனா படங்கு தைச்சு யாருக்குக் கூலி வரும்? சும்மா சும்மா கிழிசல் தைக்கிறதைச் சொல்லிக் கொடுத்தா வகுப்பு நல்லா நிறையும், அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் தோட்டத்துலயே நிப்பா. நான் சொல்லிக் கொடுத்த பொண்ணுங்க மூணு பேர் இன்னிக்குத் தனிக் கடை வச்சிருக்காங்க.

கூடலூர்_மழை | ஜூன் 9

அதுவும் நியாயம்தான் அக்கா. ஆனா எனக்குத் தெரிஞ்சு ஒரு நைட்டியோட ஜிப் மாத்துறதுக்கும், பள்ளிக்கூட பேன்ட் நீளம் இறக்குறதுக்கும் டவுன் டெய்லர் ரெண்டு வாரம் இழுத்தடிக்கிறார். அந்த வேலை எல்லாம் இப்ப எங்க லயனுக்குள்ளயே நடக்குது, காசுக்குத்தான். ஜாக்கெட் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. வாசப்படியா அதை வைக்க வேண்டாம்னுதான் சொல்றேன்.

கைமெஷின் | ஜூன் 9

கால் முடியாத தம்பின்னு போட்டிருக்கீங்களே, அது நானாக்கூட இருக்கலாம். இல்ல, நான் குன்னூர். ஆனா கதை ஒண்ணுதான்.

சின்ன வயசுல போலியோ, வலது கால். நான் போன வகுப்புல என்னை ஜன்னலோரமா ஸ்டூல் போட்டு உட்கார வச்சாங்க. கையில ஒரு துணி. "தம்பி நீங்க ஹெம்மிங் பண்ணுங்க." அடுத்த வாரமும் ஹெம்மிங். அதுக்கு அடுத்த வாரமும். பக்கத்துல மெஷின் ஓடுற சத்தம். நாலாவது வாரம் நான் போகல. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, அது எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தரும் "மெஷின் வேணுமா"ன்னு கேட்கல.

உங்ககிட்ட கை மெஷின் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதுல யாரை உட்கார வச்சீங்க?

கை மெஷின்ல ஒரு கை சக்கரத்துக்குப் போயிடும், துணி தள்ள ஒத்தைக் கைதான். நேர் தையலுக்குப் பிரச்சனை இல்ல, வளைவு வர நாளாகும். மோட்டார் மெஷின்னா பெடலைத் தரையில வைக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல. மேஜை மேல வச்சு முழங்கையால அமுக்கலாம், இல்லன்னா தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவுல வைக்கலாம். நான் முழங்கைதான். முதல்ல மெஷின் பிச்சுக்கிட்டு ஓடும், பயமா இருக்கும். பெடலுக்கு அடியில ஒரு சின்ன மரச்சக்கை சொருகிட்டேன், பாதிக்கு மேல அமுங்காது. கை பழகினதும் எடுத்தாச்சு.

அரசு கொடுக்கிற இலவசத் தையல் இயந்திரத் திட்டம் (சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இருக்கிறது) மாற்றுத்திறனாளி ஆண்களுக்கும் உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது. தையல் தெரியும்னு சான்றிதழ் கேட்பாங்க. ஹெம்மிங் மட்டும் பண்ணிட்டு இருந்தா அந்தச் சான்றிதழ் எப்படி வரும்?

ஊசிமுனை | ஜூன் 9

கை மெஷினைத் துணி மூட்டைக்குக் கீழ வச்சிருக்கேன்.

வேற என்ன சொல்றதுன்னு தெரியல. நாளைக்கு அந்தத் தம்பி வீட்டுக்குப் போறேன்.

மாலைவெயில் | ஜூன் 11

வயசான அம்மா ரெண்டு பேர்னு சொன்னீங்க, ஊசி கோர்க்கிறதுதான் பிரச்சனையா இருக்கும். சாயங்கால வெளிச்சத்துல, அதுவும் மிஸ்ட் இறங்கிட்டா, எனக்கே கண்ணு தெரியாது. தலைப்பக்கம் பிளவு விட்ட ஊசி கிடைக்குது, நூலை மேல வச்சு அமுக்கினா உள்ள போயிடும். நூல் கோர்க்கிற தகட்டுக் கம்பியும் இருக்கு.

எங்க அத்தைக்கு முழுசாவே பார்வை இல்ல. பாவாடைக்கு ஓரம் மடிக்கிறது, தலையணை உறை, பட்டன் எல்லாம் அவங்களே கையால தைப்பாங்க. அளவுக்கு இன்ச் டேப் இல்ல, அட்டை. காலண்டர் அட்டையை நறுக்கி அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு, ஒரு இன்ச்சுக்கு ரெண்டு வெட்டு. துணியோட நல்ல பக்கம் தெரியறதுக்கு ஒரு சேஃப்டி பின், அதுவும் எப்பவும் வலது மேல் மூலையில. நாங்க யாராவது நல்ல எண்ணத்துல அதைக் கழட்டி "எடுத்து வச்சிட்டேன் அத்தை"ன்னு சொன்னா தொலைஞ்சோம்.

மெஷின்ல உட்காரணும்னு ஆசைப்பட்டாங்க. ஊசியில இருந்து ஒரு விரல் தள்ளி, தட்டுல தடிமனா ஒரு ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டினோம். துணி ஓரம் அதுல உரசிக்கிட்டே போனா தையல் நேரா விழும். (இந்த ரப்பர் பேண்ட் உங்க வகுப்புல கண்ணு தெரியறவங்களுக்கும் உதவும். என் தையல் அத்தையோடதை விடக் கோணல்.)

பனியன்கம்பெனி | ஜூன் 12

திருப்பூர்ல இருந்து எழுதுறேன், மலைக்காரன் இல்ல, மன்னிச்சுக்கங்க. அந்த மூட்டை விஷயம் மட்டும் சொல்லிடறேன்.

உங்க தோழி அனுப்பினது பின்னல் துணி, பனியன் கட்டிங். அதுல புதுசா பழகுறவங்களை உட்கார வச்சா வெறுத்துப் போயிடுவாங்க. ஓரம் சுருண்டுக்கும், சாதா ஊசி போட்டா தையல் விட்டு விட்டு விழும். முனை மழுங்கின பால் பாயின்ட் ஊசி வேணும். ஆரம்பிக்கிறவங்களுக்கு நெசவுத் துணிதான்: பழைய வேட்டி, பெட்ஷீட், காட்டன் புடவை.

இன்னொண்ணு. இங்க கட்டிங் வேஸ்ட்டுக்கு விலை இருக்கு. கலர் பிரிச்சா மறுபடி நூலாகும், மிச்சம் துடைக்கிற துணியாப் போகும். மலை மேல ஏத்திட்டா அதுக்கு இறங்குற வழி கிடையாது. பெயர் என்னவோ மறுசுழற்சி, கடைசியில உங்க ஊர் ஓடையிலதான் கிடக்கும்.

ஊசிமுனை | ஜூன் 12

ஓடையில கிடக்கலைங்க, கூடத்துக்குப் பின்னாடி கிடக்குது. ஆனா நீங்க சொல்றது சுருக்குன்னு இருக்கு.

ரிப்பேர்_அண்ணன் | ஜூன் 14

மழைக்காலம் வந்தாச்சு, மெஷினைக் கொஞ்சம் கவனிங்கம்மா. கால் மெஷின் ஈரத்துல கனமா மிதிக்கும், பெல்ட் வழுக்கும். தோல் பெல்ட் நனைஞ்சு நீண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு முனையில அரை இன்ச் நறுக்கி, சூடான கம்பியில ஓட்டை போட்டு, அதே கிளிப்பை மாட்டுங்க. வெயில் காலம் வந்தா இறுக்கமாயிடும், அதனால அரை இன்ச்சுக்கு மேல நறுக்கிடாதீங்க.

வகுப்பு முடிஞ்சதும் ரெண்டு சொட்டு மெஷின் ஆயில், ஒரு வேஸ்ட் துணியில பத்துத் தையல் ஓட்டி, ஊசியை அந்தத் துணிக்குள்ளயே இறக்கி, துணியை அமுக்கிற காலையும் இறக்கி விட்டுட்டு மூடுங்க. தேங்காய் எண்ணெய் விடுறாங்க பாருங்க, சாமி சத்தியமா சொல்றேன், குளிர்ல அது உறைஞ்சு மெஷின் மொத்தமா இறுகிடும். ஊட்டியில டிசம்பர்ல எனக்கு வர்ற பாதி ரிப்பேர் அதுதான்.

ஊட்டி_ஹோம்ஸ்டே | ஜூன் 15

நல்ல பேச்சு ஓடுது. ஒரு யோசனை. வகுப்புக்கு வருமானம் வேணும்னா தோடா எம்பிராய்டரி (இங்க தோடர் பழங்குடிப் பெண்கள் போடுறது) சொல்லிக் கொடுக்கலாமே? சிவப்பு, கறுப்பு நூல், வெள்ளைத் துணி, செலவு கம்மி. என்கிட்ட தங்குற டூரிஸ்ட் எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. ஒரு மொபைல் பௌச் போட்டா நல்லா போகும்.

மந்து | ஜூன் 16

இதைப் படிச்சிட்டுப் போயிடலாம்னுதான் நினைச்சேன்.

நான் தோடர். எங்க மொழியில அந்த வேலைக்குப் பேர் புகூர். பூத்துக்குளின்னு நாங்க போர்த்துற துணியில போடுறது. திருவிழாவுக்குப் போர்த்துவோம், எங்கள்ல ஒருத்தர் இறந்தா அவங்களுக்கும் போர்த்துவோம். துணியில கோடு வரைய மாட்டாங்க, ஃப்ரேம் கிடையாது. இழையை எண்ணித்தான் போடணும், ஒரு இழை தப்பினா அந்த வரிசையே போச்சு. எங்க பாட்டி பேசிக்கிட்டே போடுவாங்க, திடீர்னு பேச்சு நிக்கும். அப்ப எண்ணுறாங்கன்னு அர்த்தம். அப்ப யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

நீங்க எல்லாம் வழவழன்னு இருக்கிற பக்கத்தைப் பார்த்து அழகுன்னு சொல்றீங்க. எங்களுக்கு நல்ல பக்கம் அது இல்ல, நூல் மேடு தட்டுற அடிப்பக்கம்தான். பௌச்சுக்கு லைனிங் வச்சு அந்தப் பக்கத்தை மூடித் தைச்சுடுவீங்க.

2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுக்கு அப்புறமும் கடையில மெஷின்ல அடிச்சது, பிரின்ட் போட்டது எல்லாம் தோடா ஷால்னு தொங்குது. நாங்க மொத்தமே ரெண்டாயிரம் பேர்கூடத் தேற மாட்டோம். இதுல வர்ற காசு எத்தனையோ பெண்களுக்குக் கைச்செலவு. இலவச வகுப்புல ஊருக்கே சொல்லிக் கொடுத்துட்டா அதுவும் போகும்.

கோபமா எழுதிட்டேன், பரவாயில்ல, அப்படியே இருக்கட்டும்.

ஊட்டி_ஹோம்ஸ்டே | ஜூன் 16

தப்பா நினைக்காதீங்க, விக்கிறதுக்கு ஒரு வழி சொன்னேன், அவ்வளவுதான்.

ஊசிமுனை | ஜூன் 17

மந்து, நீங்க எழுதினது நல்லதாச்சு. புகூர் வகுப்புல வராது. உங்க பக்கத்து யாராவது ஒரு நாள் வந்து உட்கார விருப்பப்பட்டா, வந்த நாளுக்குக் கூலி கொடுத்து, எதைக் காட்டணும் எதைக் காட்டக் கூடாதுன்னு அவங்களே சொல்லட்டும். விருப்பம் இல்லன்னாலும் சரிதான்.

இழை எண்ணி டார்னிங் (ஓட்டையை நூலால பின்னி அடைக்கிறது) பண்றது மட்டும் ஒரு நாள் வைக்கலாம்னு இருக்கேன், ஸ்வெட்டர் முழங்கைக்கு. இந்த ஊர்ல ஓட்டை இல்லாத ஸ்வெட்டர் எந்த வீட்டுல இருக்கு?

மந்து | ஜூன் 17

டார்னிங்குக்கு நான் வர்றேன். அது பொது.

நெல்லிமரம் | ஜூன் 20

மூணு நாளா இதைத் திறந்து திறந்து மூடிட்டு இருக்கேன். நான் திருநங்கை. மேட்டுப்பாளையத்துல ஒரு வகுப்புக்குப் போனேன். எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. அளவு எடுக்கிற பாடம் வந்த அன்னிக்கு ஜோடி ஜோடியா நிக்கச் சொன்னாங்க. எனக்கு மட்டும் ஜோடி இல்ல. டீச்சர் வந்து தானே எடுக்கிறேன்னாங்க, அதுக்குள்ள எல்லாரும் திரும்பிப் பார்த்தாச்சு.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். முதல்ல அளவு ஜாக்கெட்டை வச்சு அளவு எடுக்கச் சொல்லிக் கொடுங்க. ஊர்ல முக்காவாசி டெய்லர் அப்படித்தானே தைக்கிறாங்க? ஆளைத் தொட்டு அளவு எடுக்கிறதைப் பிறகு வச்சுக்கலாம், வேணும்னு சொல்றவங்களுக்கு.

காஜாபட்டன் | ஜூன் 20

இது என் வகுப்புலயும் நடந்திருக்கும்மா. நெல்லிமரம் இல்ல, வேற ஒருத்தர். அவங்களும் அதுக்கப்புறம் வரல, நான் பொறுமை இல்லன்னு நினைச்சுக்கிட்டேன். அளவு ஜாக்கெட்டை முன்னாடி கொண்டு வர்றேன்.

சாயப்பானை | ஜூலை 2

லேட்டா வர்றேன். துணி சாயம் பத்தி யாரும் பேசலையே. வெள்ளைக் காட்டன் பழசு பழுப்பேறிடுச்சுன்னா அதைத் தூக்கிப் போடாம சாயம் போடலாம், மலையிலயே பொருள் இருக்கு. பட்டர்ஃப்ரூட் கொட்டையும் தோலும் வேக வச்சா ஒரு மாதிரி ரோஸ். ஜூஸ் கடையில கேட்டா மூட்டையாவே கொடுப்பாங்க. டீத்தூள் சாயம் எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுல துரு ஆணி ஊற வச்ச தண்ணியைக் கொஞ்சம் விட்டீங்கன்னா பழுப்பு அப்படியே சாம்பல் நிறமாத் திரும்பும், கண்ணு முன்னாடியே. பிள்ளைங்க கத்துவாங்க. ஆணித் தண்ணி கூடிடுச்சுன்னா துணி நாளாக ஆக இத்துப் போகும், அதனால கம்மியா.

யூகலிப்டஸ் இலையைக் காட்டன்ல போட்டு ஏமாறாதீங்க, வெளுத்த மஞ்சள்தான் வரும். கம்பளி நூல்ல போடுங்க, சாயம் பிடிக்கப் படிகாரம்கூட வேண்டாம், செங்கல் நிறம் வரும். சாயத்துக்கு வச்ச பானையில திரும்பச் சமைக்காதீங்க.

கூடலூர்_மழை | ஜூலை 3

துணி நாப்கின் தைக்கச் சொல்லிக் கொடுக்கலாம்னு இங்க ஒரு சங்கத்துல சொன்னாங்க. ஜூலையில கூடலூர்ல துணி காயணும்னா எங்க போறது? ரெண்டு நாள் கொடியில கிடந்தும் ஈர வாடை போகாது. காயாத துணியை வச்சா புண்ணாகும். நாங்க தைச்சோம், ஆனா மொத்தமா மடிச்சுத் தைக்காம, நாலு மடிப்பு விரிஞ்சு ஒத்தைத் துணியாக் காயற மாதிரி. அடுப்படிச் சூட்டுலயே காஞ்சிடும். அப்புறம் இஸ்திரி. அப்பவும் மழை மாசத்துக்குக் கடை நாப்கின்தான்னு சொன்னவங்களை யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்.

ஊசிமுனை | ஆகஸ்ட் 17

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன். எல்லாத்தையும் செஞ்சுட்டேன்னு சொல்ல மாட்டேன்.

வகுப்பை சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்திப் பார்த்தேன், அது இன்னும் மோசம், வேலை விட்டுக் களைச்சு வர்றாங்க. இப்ப ஞாயிறு காலை பத்தரைக்கு ஆரம்பிச்சு ஒன்றரைக்கு முடிக்கிறோம். பஸ் நேரத்தை வச்சுத்தான் முடிவு பண்ணினது. 2024ல மகளிர் இலவசப் பயணம் நீலகிரிக்கும் வந்ததுல இருந்து சாதா பஸ்ல காசு வேண்டாம், ஆனா அந்தப் பஸ்ஸைத் தவற விட்டா மினி பஸ்தான், அதுக்குக் காசு. அதனால ஒன்றரைன்னா ஒன்றரை. காஜா பாதியில நின்னாலும் எழுந்திரிச்சிடுவோம்.

ஒருத்தர் ஒரு மாசம் வராம இருந்துட்டு வந்தாலும் விட்ட இடம்னு ஒண்ணு இல்லாத மாதிரி பண்ணியாச்சு. கிழிசல் கொண்டு வர்றாங்க, தைக்கிறாங்க. ஜாக்கெட் வேணும்னு சொன்ன அஞ்சு பேருக்குத் தனியா ஒரு மேஜை, அதுக்கு மாசம் ஒரு நாள் காஜாபட்டன் அக்கா ஊட்டியில இருந்து வர்றாங்க (பஸ்ல வாந்தி வரும்னு திட்டிக்கிட்டேதான்). தோட்டத்துக்காரங்க நாலு பேர் திரும்ப வந்திருக்காங்க. வயசான அம்மா ஒருத்தர் வர்றார், இன்னொருத்தர் மகள் வீட்டுக்குப் போயிட்டார்.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போனது பத்தி. மெஷினைத் தூக்கிட்டே போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கல, மெஷினைத்தான் பார்த்தார். "இது ஷட்டில் தேஞ்சிருக்குமே"ன்னு கேட்டார். அடிநூலைப் பிடிக்கிற அந்தப் பாகம் தேஞ்சுதான் இருந்துச்சு. இப்ப வர்றார், ஆனா தைக்கிறதை விட மத்தவங்க மெஷினைக் கழட்டிப் பார்க்கிறதுலதான் ஆசை அதிகம். போன வாரம் ஒரு கால் மெஷினோட பாபின் கேஸை (அடிநூல் உருளை உட்கார்ற கூடு) கழட்டினார், ஒரு ஸ்பிரிங் ஸ்க்ரூ தெறிச்சு எங்கயோ போச்சு. சிமென்ட் தரையில எல்லாரும் முட்டி போட்டுத் தேடினோம், குண்டூசி பொறுக்கிற காந்தத்தை வச்சு. கிடைக்கல.

திருப்பூர் மூட்டையில நல்லா இருந்த ரெண்டையும் காலியா இறங்கின காய்கறி வண்டியில திருப்பி அனுப்பிட்டேன். பூஞ்சணம் பிடிச்சதை என்ன செய்யறதுன்னு இன்னும் தெரியல.

ரிப்பேர்_அண்ணன் | ஆகஸ்ட் 17

கறுப்புத் தையல் மெஷினா, பழைய ரவுண்ட் பாபின் தானே? அந்த ஸ்க்ரூவுக்கு அலைய வேண்டாம், பாபின் கேஸே முழுசா மாத்திடுங்க, சின்னக் காசுதான். அடுத்த ஞாயிறு நான் கோத்தகிரி வழியாத்தான் வர்றேன், ரெண்டு எடுத்துட்டு வர்றேன். அந்தத் தம்பிகிட்ட என் நம்பரைக் கொடுங்க, ஷட்டில் தேஞ்சிருக்குன்னு கண்ணால பார்த்தே சொல்றவன்னா எனக்கு ஆள் வேணும்.

பனியன்கம்பெனி | ஆகஸ்ட் 18

பூஞ்சணம் பிடிச்சது காட்டன் மட்டும்னா துண்டு துண்டா நறுக்கி, சாணியோட குழியில போடுங்க, மக்கிடும். பத்த வச்சுப் பாருங்க: சாம்பலாப் பொடிஞ்சா காட்டன், உருகி உருண்டையா நின்னா பாலியஸ்டர் கலப்பு. கலப்பு இருந்தா அது குழிக்கு ஆகாது, எனக்கே அனுப்புங்க.

ஊசிமுனை | ஆகஸ்ட் 18

பாதிக்குப் பாதி உருகுதுங்க. காய்கறி வண்டிக்காரரைக் கேட்கிறேன்.